ஆறு நாள் அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்: ஜிம் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால், சனி மறுபடி கையும் வயிறும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஐந்து வருடமாக எடை தூக்குபவருக்கும் பல ஜிம்களில் இதே அட்டவணைதான். புதியவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு தசைக்கு ஒரு நாள் வேலை, ஆறு நாள் ஓய்வு என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை தூக்கி முடித்ததும் தசை புதுப் புரதத்தைக் கட்டும் வேகம் கூடுகிறதே, அது அவ்வளவு நாள் நீடிப்பதில்லை. பழகியவர்களுக்கு ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், 36 மணி நேரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. புதியவர்களுக்கு 48 மணி நேரம் வரை இருக்கலாம். திங்கள் மாலை உழைத்த நெஞ்சு புதன் மாலைக்குள் அந்த வேலையை முடித்துவிடுகிறது. அடுத்த திங்கள் வரை அதற்கு வேலையே இல்லை.

அதே அட்டவணையில் மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸின் கதி நேர்மாறு. திங்களன்று பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது மல்லாந்து படுத்து எடைக் கம்பியான பாரை நெஞ்சிலிருந்து தள்ளும்போது, மேல் பாதியைத் தள்ளி முடிப்பது ட்ரைசெப்ஸ். புதனன்று எடையைத் தலைக்கு மேல் தள்ளும் தோள் பிரஸ்ஸிலும் அதுதான். வியாழன் 'கை நாள்' என்று தனியாக வேறு அதை வாட்டுகிறோம். நான்கு நாளில் மூன்று முறை. தோளின் முன்பகுதிக்கும் திங்களும் புதனும் வேலை விழுகிறது. இரண்டாவது மாதத்தில் 'மாஸ்டர், தோள் முன்னாடி பிடிக்குது' என்று ஒருவர் வந்தால், அவருடைய பிடியையும் முழங்கை அகலும் கோணத்தையும் பார்ப்பதோடு இந்த நாட்களையும் பாருங்கள். அட்டவணையில் எழுதியிருக்கும் பெயர் 'நெஞ்சு', 'தோள்' என்று பிரிந்திருக்கலாம். தசைக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

அந்த அட்டவணையில் ஒரே நாளில் நெஞ்சுக்கு 16 செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்) என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முதல் செட்டில் 60 கிலோவை 8 முறை தள்ளியவர், பன்னிரண்டாவது செட்டில் 40 கிலோவோடு போராடிக்கொண்டிருப்பார். இடுப்பு பெஞ்சை விட்டு எழும்பும், பார் ஒரு பக்கம் சாயும், கீழே இறக்குவது விழுவதுபோல் ஆகும். அந்த 16-ஐத் திங்கள் 8, வியாழன் 8 என்று பிரித்தால் கிட்டத்தட்ட எல்லா செட்டும் உருப்படியாக இருக்கும். தசை வளர்ச்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரு தசையை வாரம் ஒரு முறை வேலை வாங்குவதைவிட இரு முறை வாங்கியவர்களுக்கே வளர்ச்சி கூடுதலாக இருந்தது. வாரத்தின் மொத்த செட் சமமாக இருந்தால், எத்தனை நாளில் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2019-இல் வந்த தொகுப்பு சொன்னது. எங்களுக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. வாரத்துக்கு எத்தனை நல்ல செட் என்பதுதான் கணக்கு. அந்தச் செட்டுகள் நல்லபடியாக அமையத்தான் நாளைப் பிரிக்கச் சொல்கிறோம்.

புதியவருக்கு 16 தேவையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்த மருத்துவர் தாமஸ் டிலோர்ம், முதலில் 70 முதல் 100 ரெப்ஸ் வரை (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) செய்ய வைத்தார். 1948-இல் அதைப் பத்துப் பத்தாக 3 செட்டுக்குக் குறைத்துவிட்டார். இன்றும் தொடக்கநிலைக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம்.

ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. ஒரு நாள் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ், ரோயிங் (எடையை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த பயிற்சி நாளில் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது), தோள் பிரஸ், புல்-டவுன் (மேலே தொங்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது). இரண்டையும் மாற்றி மாற்றி வரவையுங்கள். ஸ்குவாட்டும் மேலுடம்புப் பயிற்சிகளும் 8 முதல் 10 ரெப்ஸில் 3 செட். டெட்லிஃப்ட் மட்டும் 5 ரெப்ஸில் 2 செட் போதும், அது கீழ்முதுகை அதிக நேரம் களைப்பில் வைத்திருக்கும். பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு இடையே 2 முதல் 3 நிமிடம் கடிகாரம் பார்த்து ஓய்வு கொடுங்கள். ஒவ்வொரு செட்டையும் 'இன்னும் இரண்டு போட முடியும்' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கை நடுங்கி, பார் பாதியில் நிற்கும்வரை போனால், மீள எடுக்கும் நேரம் ஒரு நாளாவது நீளும். சொன்ன ரெப்ஸ் எல்லா செட்டிலும் வந்தால் மட்டும் மேலுடம்புக்கு 2.5 கிலோ, காலுக்கு 5 கிலோ ஏற்றுங்கள். தசை சீக்கிரம் பழகிவிடும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு மேலுடம்பு இரண்டு நாள், கீழுடம்பு இரண்டு நாள் என்று நான்கு நாளாக்கி, ஒரு தசைக்கு வாரம் 10 செட்டுக்கு மேல் மெதுவாகக் கூட்டலாம்.

'வலி இல்லையென்றால் வேலை நடக்கவில்லை' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம் காரணமில்லை. அது பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று தியடோர் ஹஃப் 1902-லேயே எழுதிவிட்டார். எடையை இறக்கும்போது, நீண்டுகொண்டே பாரம் தாங்கும் தசைதான் அதிகம் நோகிறது. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி பாதிகூட இருக்காது, பயன் மட்டும் குறையாது.

மீண்டுவிட்டாரா என்று கண்டுபிடிக்க வலியைக் கேட்பதைவிட நோட்டுப் புத்தகத்தைத் திறப்பது நல்லது. போன முறை 40 கிலோவில் மூன்று செட்டுக்கும் ரெப்ஸ் 8, 8, 8. இந்த முறை 8, 7, 6. ஒரு தடவை என்றால் தூக்கம் கெட்டிருக்கலாம், சாப்பாடு குறைந்திருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறை இறங்கினால் ஒரு வாரத்துக்கு எடையை மாற்றாமல் செட்டுகளைப் பாதியாக்குங்கள். பெரும்பாலும் அதற்கு அடுத்த வாரமே ரெப்ஸ் திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் தூக்கம் ஏழு மணி நேரம் இருக்கிறதா, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போகிறதா என்று கேளுங்கள்.

'பளுதூக்கும் வீரர்கள் தினமும் தூக்குகிறார்களே' என்று கேட்பீர்கள். பல்கேரியப் பளுதூக்கும் அணியை அதன் பயிற்சியாளர் இவான் அபஜியெவ் தினமும் உச்ச எடைக்குப் பக்கத்தில்தான் தூக்க வைத்தார். ஆனால் அவர்கள் தலைக்கு மேல் தூக்கிய பாரை மெதுவாக இறக்குவதில்லை, கீழே போட்டுவிடுகிறார்கள். தசையை அதிகம் நோகடிக்கும் பாதி அங்கே குறைவு. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு ரெப்ஸ்தான். அதற்கும் மேலே, வருடக்கணக்கில் பழகிய உடம்பு.

முதல் நாள் வந்தவரைக் கை தூக்க முடியாத அளவுக்குப் பயிற்சியில் வாட்டி அனுப்பும் வழக்கம் ஆபத்தானது. இரண்டு நாள் கழித்து கை வீங்கி, மடக்க முடியாமல், சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால் அது சாதாரண வலி இல்லை. உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கலாம். தைலம் தடவச் சொல்லாமல், அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

தினமும் வந்தே தீருவேன் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. இடைப்பட்ட நாளில் அரை மணி நேரம் வேக நடை, இடுப்புக்கும் தோளுக்கும் அசைவுப் பயிற்சி, வெறும் பாரை வைத்து ஐந்தைந்தாக மூன்று செட் ஸ்குவாட் பழக்கம் கொடுங்கள். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா, குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்று நீங்கள் பக்கத்தில் நின்று திருத்த அதைவிடத் தோதான நாள் கிடையாது.

இப்படிக்கு,
எடைப் பயிற்சியில் அக்கறை கொண்டவர்கள்