சிசியை மட்டும் பார்த்து மார்க் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், இங்கிலாந்தில் இருக்கிற நம்மவர்கள் படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேன் வாங்கி ஊர் சுற்றுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. ஆனால் கடைசியில் எஞ்சின் அளவை வைத்து ஒரு அட்டவணை போட்டு 1600 சிசிக்கு 'சுமார்', 1900-க்கு 'நன்று', 2000-க்கு மேல் போனால் 'மிக நன்று' என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மார்க் போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதை நம்பி யாராவது சேமித்து வைத்த காசை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் என்ன ஆவது? நானே ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். பிரிஸ்டலுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2012-ல் நானும் கும்பகோணத்து நண்பன் ஒருவனும் ஆளுக்கொரு டி2 வேன், அதாவது அந்தப் பழைய ஃபோக்ஸ்வேகனில் ஒரு வகை, தேடினோம். அவனுக்குக் கிடைத்தது 1973 மாடல், 1584 சிசி, 50 குதிரைத்திறன். எனக்குக் கிடைத்தது 1978 மாடல், 1970 சிசி, 70 குதிரைத்திறன். இரண்டு லிட்டர்! அவனைப் பார்த்து நான் பரிதாபப்பட்டேன் என்றே சொல்லலாம். எனக்கு விற்றவர் வாயைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "இது போர்ஷே எஞ்சின்" என்பதுதான். அது பொய்யில்லை, ஆனால் முழுசாகச் சொன்னதும் இல்லை. போர்ஷே 914 காரில் வந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அந்தக் காரில் இரண்டு லிட்டருக்கு 100 குதிரைத்திறன், வேனில் 70 தான். பெயரைக் கேட்டு மயங்கியது என் தப்பு.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் இரண்டு குடும்பமும் சாமர்செட் பக்கம் கிளம்பினோம். போர்லாக் என்ற ஊரை விட்டு வெளியே வந்ததும் ஒரு ஏற்றம் வரும். நாலுக்கு ஒன்று என்ற சரிவு, நடுவில் கொண்டை ஊசி வளைவு வேறு. பயந்தவர்களுக்கென்றே பக்கத்தில் சுற்றிப் போகிற கட்டணச் சாலை ஒன்று உண்டு. கொல்லிமலை ஏறியவனுக்கு இதெல்லாம் ஒரு மேடா என்று நேராகவே விட்டேன். வண்டியில் நாங்கள் நால்வர், மாமியார், டாங்க் நிறைய தண்ணீர், கேஸ் சிலிண்டர், கூடாரம், இட்லிப் பானை. பாதி ஏற்றத்தில் முதல் கியருக்கு மாற்றும்போது பின்பக்கத்திலிருந்து தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. அதோடு ஒரு சிலிண்டர் போயிற்று, வண்டி நொண்ட ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன், நண்பனுடைய 1600 முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு, சைக்கிள்காரன் வேகத்தில், எங்களைத் தாண்டி மேலே போகிறது. கையை வேறு ஆட்டிக்கொண்டு போனான் பாவி. நாங்கள் சாயங்காலம் மீட்பு லாரி மேல் ஏறித் திரும்பி வந்தோம்.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், சிலிண்டர்களை மூடுகிற ஹெட்டைக் கையில் கொடுத்துக் காட்டினார். வால்வு உட்கார வேண்டிய இரும்பு வளையம் சூட்டில் தளர்ந்து கழன்று விழுந்து, பிஸ்டன் தலையைக் கொத்திக் குதறி வைத்திருந்தது. இந்த 1800, 2000 எஞ்சின்கள் அளவுக்கு மீறிச் சூடானால் இப்படி ஆவது பழைய கதை என்றார். சரி, ஏன் சூடானது? என் விரலைப் பிடித்து எஞ்சின் அறையின் விளிம்பு ஓரமாக ஓட்டிக் காட்டினார். எஞ்சினைச் சுற்றியிருக்கிற தகரத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்க வேண்டும். முக்கால்வாசி இல்லை. காற்றால் குளிர்கிற எஞ்சினுக்கு அந்தப் பட்டைதான் உயிர். மேலே விசிறி குளிர்ந்த காற்றை இழுத்து சிலிண்டர்கள் மேல் அடிக்கும், சூடான காற்று கீழே வெளியேறும். நடுவில் இடைவெளி இருந்தால் கீழே போன சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். வண்டி வாங்கும்போது நான் மெத்தை, திரைச்சீலை, சிசி எல்லாம் பார்த்தேன், இந்தப் பட்டையை மட்டும் பார்க்கவில்லை.

நம்மவர்களுக்கு சிசி என்றாலே பைக் கணக்குதான் நினைவுக்கு வரும், அதிலும் அந்தக் கணக்கு ஒழுங்காக நிற்பதில்லை. 350 சிசி புல்லட் சுமார் 20 குதிரைத்திறன் தருகிறது, 200 சிசி டியூக் 25 தருகிறது. ஆனால் பின்னால் ஆளை உட்கார வைத்து மேடு ஏறும்போது எதில் இழுவை இருக்கிறது என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். வேனிலும் அதே கதைதான், இன்னும் கொஞ்சம் மோசம். டி3 என்கிற சதுர வேனை எடுத்துக்கொள்ளுங்கள், 1979-லிருந்து வந்தது. '1.6' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது மூன்று எஞ்சின்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று, காற்றால் குளிர்கிற 1584 சிசி பெட்ரோல், 50 குதிரைத்திறன். இன்னொன்று 1588 சிசி டீசல், அதற்கும் 50 தான், ஆனால் பெட்ரோலை விடச் சத்தம் அதிகம், மேட்டில் பின்னால் வருகிறவர்களின் சாபத்தை வாங்கித் தரும். மூன்றாவது அதே 1588-ல் டர்போ வைத்த டீசல். அது 70 குதிரைத்திறன், இழுவையில் என்னுடைய இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட சமம். நீங்கள் மூன்றுக்கும் சேர்த்து 'சுமார்' என்று போட்டுவிட்டீர்கள்.

மேலே போனாலும் இதே குழப்பம்தான். 1.9 என்கிற 1913 சிசி எஞ்சினில் 60 குதிரைத்திறன் வகையும் உண்டு, 78 வகையும் உண்டு. 2.1 என்கிற 2109 சிசி ஒன்று 112 தரும், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்டர் வைத்த வண்டியில் அதே 2109 தருவது 92 அல்லது 95. இன்னொரு வேடிக்கை பிரேசிலில். அங்கே பழைய டி2 உருவத்திலேயே 2013 டிசம்பர் வரை வேன் கட்டினார்கள். கடைசி ஏழெட்டு வருஷம் அதில் வைத்தது தண்ணீரால் குளிர்கிற 1.4 லிட்டர் எஞ்சின். அது 80 குதிரைத்திறன் வரை தந்தது. என் இரண்டு லிட்டரை விட அதிகம்! அந்த வண்டிகள் சில இங்கேயும் விற்பனைக்கு வருகின்றன. உங்கள் அட்டவணைப்படி அதற்கு பெயில் மார்க்தான்.

அதனால் விற்பவரிடம் சிசியைக் கேட்பதோடு எஞ்சின் எழுத்தையும் கேளுங்கள். எஞ்சின் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். டிஜி என்றால் 1.9-ல் 78 வகை, டிஎஃப் என்றால் 60 வகை, டிஜே என்றால் 2.1-ல் 112, சிஎஸ் என்றால் வெறும் டீசல், ஜேஎக்ஸ் என்றால் டர்போ டீசல். சொல்வதோடு விடாமல் எஞ்சினில் பொறித்திருப்பதை நீங்களே குனிந்து படியுங்கள். ஃபோக்ஸ்வேகனின் பீட்டில் காரில் வந்த வகை 1600-ல் டைனமோ நிற்கிற மேடைக்குக் கீழே இருக்கும், ஒரு துணியும் டார்ச்சும் வேண்டும், அவ்வளவு அழுக்கு படிந்திருக்கும். வண்டிப் பதிவுத் தாளில் இருக்கிற எண்ணோடு அது ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஐம்பது வருஷத்தில் எஞ்சின் ஒரு தடவையாவது மாறியிருக்கும், அது தப்பில்லை, ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். 1584-ஐ எடுத்து 85.5 மில்லிமீட்டர் சிலிண்டரை 87 ஆக்கி 1641 சிசி என்று பெருமையாக விற்பார்கள். எஞ்சினின் வெளிப்பெட்டியைக் கடையாமல் அப்படியே மாட்டுகிற அந்த சிலிண்டரின் சுவர் மெலிசு, சூடு தாங்காது என்று என் மெக்கானிக் அதைத் தொடவே மாட்டார். பெரிசாக்கித்தான் தீருவேன் என்றால் பெட்டியைக் கடைந்து 90.5 போட்டு 1776 ஆக்குவதே மேல் என்பார். அதற்கு ஆகும் செலவு வேறு கதை.

1600-க்காகக் கொஞ்சம் வாதாடுகிறேனே. இது பீட்டிலில் வந்த எஞ்சின். பீட்டில் உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் கட்டப்பட்டது, மெக்சிகோவில் 2003 வரைக்கும் ஓடிய உற்பத்தி. அதனால் இன்றைக்கும் எந்தச் சாமானும் புதிதாகக் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிப்பதில்லை. கார்புரேட்டர் ஒன்றுதான், என் வண்டியில் இரண்டு. இரண்டையும் ஒரே அளவில் மூச்சு விட வைப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நாலு போல்ட்தான், பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் கழற்றிக் கீழே வைத்துவிடுவார். குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சரியான ஆயில் ஃபில்டர் கிடையாது, சல்லடை ஒன்றுதான், மொத்தமே இரண்டரை லிட்டர் ஆயில். ஆகவே ஆயிலை அடிக்கடி மாற்றியாக வேண்டும், சோம்பேறிகளுக்கு ஆகாது. நெடுஞ்சாலையில் 55 மைல் வேகத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இங்கே லாரிகளுக்கே 56 மைலில் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால் நண்பன் லாரிகளுக்குப் பின்னால் நிம்மதியாகப் போகிறான். மைலேஜில் எங்கள் இரண்டு வண்டிக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சின்ன எஞ்சினை முழுசாக மிதித்து ஓட்டினால் அதுவும் குடிக்கத்தான் செய்யும்.

கரூர்க்காரன் என்பதால் எடையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் சேசிஸ் மேல் பாடி கட்டுகிறவர்களுக்கு, மேலே ஏற்றுகிற ஒவ்வொரு பலகையும் எஞ்சின்தான் இழுக்க வேண்டும் என்று தெரியும். கேம்பரில் அலமாரி, கட்டில், அடுப்பு, தூக்குகிற கூரை எல்லாம் அதே எஞ்சின் தலையில்தான். காலி வேனில் பறக்கிற 1600, தேக்குப் பலகையில் சமையலறை செய்து வைத்த வேனில் திணறும். இதில் என் மாமியாரின் சீர்வரிசைப் பாத்திரங்களைச் சேர்க்கவில்லை.

1.9-க்கு 'நன்று' போட்டிருக்கிறீர்கள். நல்ல எஞ்சின்தான், ஹெட் ஒழுங்காக இருந்தால். ஹெட்டுக்கும் தண்ணீர் ஓடுகிற பகுதிக்கும் நடுவே ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். தப்பான கூலன்ட், அதாவது ரேடியேட்டரில் ஊற்றுகிற குளிர்விக்கும் திரவம், ஊற்றி வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த இடத்தில் உலோகம் அரித்துப் போய், கேஸ்கெட் ஓரமாகக் கசியத் தொடங்கும். வண்டியின் பின்னால் படுத்து, ஹெட் சேர்கிற கோட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்துபோன உப்புப் படிவு போல ஒரு தடம் தெரிந்தால் விலையைப் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

1600-ஐப் பார்க்கப் போனால் இன்னொன்று செய்யுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கிற கிராங்க் புல்லியை, அதாவது பெல்ட் ஓடுகிற பெரிய சக்கரத்தை, இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளி இழுத்துப் பாருங்கள். அசைவு தெரியவே கூடாது. கையில் 'டக் டக்' என்று தட்டினால் உள்ளே பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது, முழு எஞ்சின் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். என் நண்பன் வாங்கும்போது செய்த ஒரே சோதனை இதுதான். அவனுடைய அப்பா டிராக்டர் மெக்கானிக், அவரிடம் கற்றது. நான் அப்போது பக்கத்தில் நின்று சிரித்தேன்.

இன்ஷூரன்ஸ், வரி என்று சிசியைப் பார்ப்பவர்களும் உண்டு. வரி விஷயத்தில் இங்கே 40 வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரியே இல்லை. அதற்கு இளையதானால் இந்தப் பழைய வண்டிகளுக்கு 1549 சிசியில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். 1.6 கூட 1584 என்பதால் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது, ஆகவே 1.6 வாங்கினால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் இரண்டு லிட்டரை நான் விற்கவில்லை. ஹெட் இரண்டையும் மாற்றி, ரப்பர் பட்டை புதிதாகப் போட்டு, சூடு காட்டுகிற மீட்டர் ஒன்றும் மாட்டி இன்றைக்கும் ஓட்டுகிறேன், நன்றாகத்தான் இழுக்கிறது. போர்லாக்கை மட்டும் கட்டணச் சாலை வழியாக ஏறுகிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் அட்டவணையில் 1.9 எஞ்சினைக் 'காற்றால் குளிர்வது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது தண்ணீரால் குளிர்வது, ரேடியேட்டர் வண்டியின் மூக்கில் இருக்கிறது. அதை நம்பி யாராவது கூலன்ட் பார்க்காமல் ஓட்டிவிடப் போகிறார்கள். மார்க்கை மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் வருகிற ஞாயிறு திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கரூர்க்காரன்,
பிரிஸ்டல், இங்கிலாந்து.