பழைய காரும் நியாய விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் 2018ஆம் ஆண்டு க்ரெட்டா டீசல் வண்டியொன்றைப் பார்க்கச் சென்றபோது, ஓடோமீட்டரில் இருந்த 42,000 கிலோமீட்டரை மட்டுமே காட்டித் தரகர் விலையை ஏற்றிப் பேசினார். பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவெனத் தேய்ந்திருந்தது, சர்வீஸ் பதிவேடும் இல்லை; அந்தக் கிலோமீட்டர் கணக்கை நம்ப முடியவில்லை. டயர்களில் 1118 என்றிருந்தது, அதாவது 2018ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் தயாரானவை. பழையதாகிவிட்ட அந்த நான்கையும் மாற்றும் செலவைக் கழித்துக் கேட்டதும், காப்பீட்டுப் பத்திரத்தின் ஐ.டி.வி. தொகையை, அதாவது காப்பீட்டுக்காக அறிவிக்கப்பட்ட வண்டி மதிப்பை, நீட்டினார். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு அது காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யும் தொகையே தவிர, சந்தை விலையன்று. வங்கிக் கடன் பதிவாகியுள்ள வண்டியெனில், வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வருமுன் முன்பணம் கொடுக்கலாகாது. நான் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி