வோல்கோகிராடில் இருக்கும் பாப்பாவுக்கு

கோவில்பட்டி,
பிப்ரவரி 2.

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி ஒரு அரியர் வைத்திருக்கிறான், கேட்டால் கிளாஸே வச்சிருக்கு என்கிறான். பின்கட்டுச் சுவரில் மறுபடி ஓதம். அவ்வளவுதான் செய்தி.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். ரஷ்யாவில் வாட்ஸப் கால் சரியாக வருவதில்லை என்று செய்தியில் சொன்னார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிடாதது அதனால்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றாள். பொங்கலுக்கு நீ அனுப்பிய ஸ்டிக்கரை, பானை பொங்குமே அதை, அவளிடம் காட்டினேன். உங்கள் காலேஜ் பையன் ஒருவன், சாத்தூர்க்காரன், நாளைக்குக் கிளம்புகிறான். அவன் கையில் இதையும் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸும் கொடுத்தனுப்புகிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. குளிர் காது வழியாகத்தான் ஏறும்.

இன்றைக்கு உங்கள் ஊரில் பெரிய நாள். 1943-இல் இதே தேதியில்தான் அங்கே மிச்சமிருந்த ஜெர்மன் படையும் ஆயுதத்தைக் கீழே போட்டது. மாமயேவ் குர்கான் மேட்டுக்கு ஜனங்கள் பூ எடுத்துப் போவார்கள். நீ போனாயா? முதல் வருஷம் அனுப்பிய போட்டோவை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வாள் தூக்கிய தாய்ச் சிலை 85 மீட்டர். அதன் காலடியில் நீ நகத்தளவு நிற்கிறாய். சண்டை நடந்த 200 நாளுக்குக் கணக்காக 200 படி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதை நம்பாமல், எண்ணிக்கொண்டே ஏறி, மூச்சு வாங்க "சரியாத்தான் இருக்குப்பா" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாய். அதை இன்னும் அழிக்கவில்லை. போன வாரம்கூடக் கேட்டேன்.

யார் கேட்டாலும் "மகள் ஸ்டாலின்கிராடில் டாக்டருக்குப் படிக்கிறாள்" என்றுதான் சொல்கிறேன். 1961-லேயே பேரை மாற்றிவிட்டார்கள், தெரியும். ஆனால் வோல்கோகிராட் என்றால் டீக்கடையில் ஒருத்தருக்கும் புரிவதில்லை. ஸ்டாலின்கிராட் என்றால் நிமிர்ந்து பார்க்கிறார்கள்; அப்புறம் பேச்சு நம்ம ஊர் அரசியலுக்குப் போய்விடும், அது வேறு.

"இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகளைக் கூறுக" என்று என் சரித்திர வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் பேர்ல் ஹார்பர், ஸ்டாலின்கிராட், நார்மண்டி என்று மூன்றை எழுதிவிட்டு எழுந்து போய்விடும். எகிப்தில் நடந்த எல் அலமைன் சண்டையையும் சேர்த்து எழுதியவள் நீ ஒருத்திதான். என்னைக் கேட்டால் 1942 என்று வருஷத்தை மட்டும் எழுதினாலே முழு மார்க் போடுவேன். ஜூனில் பசிபிக் கடலில், மிட்வே தீவுப் பக்கம் ஜப்பானுக்கு நாலு விமானந்தாங்கிக் கப்பல் போயிற்று. நவம்பர் தொடக்கத்தில் எல் அலமைனில் ஜெர்மன் தளபதி ரோம்மல் பின்வாங்கினார். அதே நவம்பரில்தான் உங்கள் ஊரில் பொறி மூடியது. இத்தனைக்கும் அந்த வருஷம் ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்று இங்கே மெட்ராஸே காலியானது. கொத்தவால்சாவடிக் கடையைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு பூட்டன் ஊருக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஏன் வந்தாய் என்று அவரை யாரும் கேட்கவில்லை என்று ஆச்சி சொல்வாள். சோறு போட்டார்களாம்.

நான் விரும்பி நடத்துவது நவம்பருக்கு முந்திய பாகத்தை. ஆகஸ்ட் 23-ஆம் தேதி விமானங்கள் ஊரையே எரிக்கின்றன. அன்றைக்கே ஜெர்மன் டாங்கிகள் ஊருக்கு வடக்கே வோல்காவைத் தொட்டுவிடுகின்றன. அவற்றை எதிர்த்து நின்ற விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் இருந்தது பள்ளிக்கூடம் முடித்த பெண் பிள்ளைகள். உன்னைவிடச் சின்னவர்கள். விமானத்தைச் சுடுவதற்கான பீரங்கியைத் தாழ்த்தி டாங்கியைச் சுட்டார்கள், பீரங்கிகள் நொறுங்கும் வரைக்கும். இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூடப் பேசாது. அப்புறம் ஸ்டாலின் போட்ட உத்தரவைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன்: உத்தரவு எண் 227, ஜூலை 28, 1942. "ஓர் அடிகூடப் பின்னால் வைக்காதே." கீழே இரண்டு கோடு போடுவேன். பின்வாங்குகிறவனைச் சுடுவதற்கென்று பின்னாலேயே ஆள் நிறுத்திய விஷயத்தை வேகமாகத் தாண்டிவிடுவேன். சிலபஸில் இல்லை என்பது சாக்கு. சொன்னால் பாடத்தின் வீரம் குறைந்துவிடும், அதுதான் காரணம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஹாஸ்டல் பிரெட்டையே தின்றுகொண்டு இருக்காதே. அரிசி தீர்ந்தால் சொல். ட்ரோன் என்று டிவியில் வந்தாலே அம்மா சேனலை மாற்றுகிறாள், நான் உள்ளே போய் மொபைலில் பார்க்கிறேன்.

ரிட்டையர் ஆனபிறகு அந்தப் பாடத்தை மறுபடி படித்தேன். நாங்கள் யாரும் வகுப்பில் படகைப் பற்றி நடத்தியதில்லை பாப்பா. ஊரைக் காத்த ரஷ்யத் தளபதி சுய்கோவின் படை சில இடங்களில் ஆற்றை ஒட்டிச் சில நூறு மீட்டர் மண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படித் தாங்கியது? ராத்திரியானால் வோல்காவின் அக்கரையிலிருந்து படகு வரும். ஆள் வரும், குண்டு வரும், ரொட்டி வரும். திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போகும். செப்டம்பரில் ரோதிம்த்சேவின் டிவிஷன் பத்தாயிரம் பேர் அப்படித்தான் குண்டுமழைக்கு நடுவே கடந்தார்கள். பீரங்கிகளும் அக்கரையில் இருந்தே சுட்டன. நவம்பரில் பனிக்கட்டி மிதந்து படகு நின்றபோது சின்ன விமானத்தில் இருந்து மூட்டை போட்டார்கள். டிசம்பர் நடுவில் ஆறு உறைந்தது. அதன்மேல் வண்டியே ஓட்டினார்கள்.

அந்தப் பக்கம் ஜெர்மன் தளபதி பவுலஸுக்கும் அதே உத்தரவுதான் வந்தது, நகராதே என்று. நவம்பர் 19-இல் வடக்கே ருமேனியப் படை நின்ற இடத்தில் ரஷ்யர்கள் உடைத்தார்கள், 20-இல் தெற்கே. 23-ஆம் தேதி கலாச் பக்கத்தில் இரண்டு கையும் சேர்ந்தது. உள்ளே இரண்டரை லட்சம் பேருக்கு மேல். சுற்றிலும் நம்ம கரிசக்காடு மாதிரி மொட்டைவெளி, அதன்மேல் பனி. தினமும் 500 டன் விமானத்தில் போடுவேன் என்றார் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங். வந்தது சராசரியாக நூறு, நூற்றுச் சொச்சம். டிசம்பரில் இன்னொரு ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் காப்பாற்ற வந்து 48 கிலோமீட்டர் வரைக்கும் நெருங்கிவிட்டார். இங்கிருந்து விருதுநகர், அவ்வளவுதான். உடைத்துக்கொண்டு வர ஹிட்லர் உத்தரவு கொடுக்கவில்லை, உத்தரவில்லாமல் பவுலஸ் அசையவில்லை. ஜனவரி 30-ஆம் தேதி அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கொடுத்தார் ஹிட்லர். அதுவரை எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் சரணடைந்ததில்லை. செத்துப்போ என்பதைப் பதவி உயர்வாகச் சொன்னார். மறுநாளே பவுலஸ் ஜவுளி, சாமான் விற்கிற பெரிய கடையொன்றின் நிலவறையில் சரணடைந்து வெளியே வந்தார். சிறைப்பட்ட 91,000 பேரில் வீடு திரும்பியது ஐயாறாயிரம். அதில் கடைசி ஆள் திரும்பும்போது 1955.

இதை நடத்திவிட்டு, தப்பு பவுலஸ் மேலா ஹிட்லர் மேலா என்று கேட்பேன். நீ பத்தாவதில் எழுந்து நின்று, "சார், வேணாம்னு சொன்னவரு குளிர்ல நிக்கலையே சார்" என்றாய். வகுப்பு சிரித்தது. வீட்டில் அப்பா, வகுப்பில் சார் என்று நீ மாற்றிக்கொள்வதுகூட எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. உட்கார் என்றேன். பதில் சொல்லவில்லை. அந்த ஆள் ஆயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் கிழக்குப் பிரஷ்யாவில் மேப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தான் என்று சொல்லியிருக்கலாம்.

கார்த்திகை தீபத்தன்று நீ கூப்பிட்டாய். "எனக்கு முடியலப்பா, வந்துடட்டுமா" என்றாய். என்ன முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. படிப்பா, உடம்பா, யாராவது ஏதாவது சொன்னார்களா, ஒன்றையும் கேட்கவில்லை. உத்தரவு எண் 227-ஐச் சொன்னேன். மேலவயல் விற்றதைச் சொன்னேன். அம்மா வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று மெதுவான குரலில் சொன்னேன். நீ "சரிப்பா" என்றாய். அன்றைக்கு ராத்திரி பழைய தலைமையாசிரியரிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னேன், ஸ்டாலின்கிராடில் இருக்கிறவளுக்கு ஸ்டாலின்கிராட் பாடமே எடுத்தேன் என்று.

இன்னொன்றும் இருக்கிறது. ஏஜென்ட் மூன்று ஊர் காட்டினானே, இதில்தான் ஃபீஸ் குறைவு என்று உங்களிடம் சொன்னேன். குறைவு இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய ஊரை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னை அனுப்பினேன். நீ சரித்திரம் படிக்கிறேன் என்றபோது சரித்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டவனும் நான்தான்.

மேலவயல் பேச்சை இனி எடுக்கமாட்டேன். நீ முடித்தாலும் அது திரும்பி வராது, வந்தாலும் திரும்பி வராது. போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் ஒன்று இந்த மாசம் முதிர்கிறது. டிக்கெட்டுக்கு ஆகும், கையில் கொஞ்சம் மிஞ்சும். வந்துவிடு என்று சொல்லவில்லை; மூன்றாம் வருஷம், பாதிக்கு வந்துவிட்டாய், உன்னால் முடியாதது இல்லை. இரு என்றும் சொல்லவில்லை. பணம் இருக்கிறது என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் என்று இல்லை, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. பேச முடியவில்லை என்றால் மிஸ்டு கால் கொடு. காதை மூடிக்கொள்.

அம்மா மோர் மிளகாய் போட்டு மாடியில் காய வைத்திருக்கிறாள். மாசிக் கடைசியில் இன்னொரு பிள்ளை கிளம்புகிறதாம். அதன் கையில் கொடுத்தனுப்பவா, இல்லை இங்கேயே ஜாடியில் போட்டு வைக்கவா என்று அவள் உன்னைக் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா