நடக்காத விபத்துக்கு விலை சொல்வது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கால் வலி குறையவில்லை, பழகிவிட்டது. மகளின் தேர்வுகள் முடிந்தன. இனி உன் விஷயம்.

நீ பல ஆண்டுகளாகக் கணினிச் சர்வர்களைப் பராமரித்துவரும் நிறுவனம், “ஒன்றும் பழுதாவதில்லையே, பிறகெதற்கு மாதாமாதம் இவ்வளவு கட்டணம்?” என்று கேட்டதாகப் படித்தபோது, கோபத்துக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. பழுதாகாமல் இருப்பதற்காகத்தானே உன்னை வைத்திருக்கிறார்கள்! ஆனாலும் அவர்களைத் திட்டி நீ பக்கம் பக்கமாகப் புலம்பியிருப்பதை நான் ஏற்கவில்லை. நீ என்ன செய்கிறாய் என்பதை அவர்களுக்கு இதுவரை யார் சொன்னது? “வேலை தானே பேசும்” என்று சொல்லிச் சொல்லியே நம் மேலாளர் உன்னைக் கெடுத்துவைத்திருக்கிறார். பழுதைச் சரிசெய்யும் வேலை பேசும். பழுது வராமல் தடுக்கும் வேலை ஊமை.

2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலை நினைத்துப் பார். ஆண்டை இரண்டு இலக்கங்களில் குறித்துவந்த மென்பொருள்கள் ‘00’ஐ 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும் என்று அஞ்சி, அவற்றைத் திருத்த உலகெங்கும் பல்லாயிரம் கோடி டாலர் செலவிட்டார்கள்; சனவரி 1 அன்று பெரிதாக எதுவும் நடக்காமல் போகவே, அத்தனையும் வீண் பீதி என்று பலர் கேலி செய்தார்கள்.

ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் ரையன் பியூவெல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு உனக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. பயணச்சீட்டு தேடும் இணையதளம் போன்ற ஒன்றை அமைத்துச் சோதித்ததில், எந்தெந்த விமான நிறுவனங்களில் தேடுகிறது என்பதைக் காட்டியபடியே காக்கவைத்த தளத்தை, உடனடியாக விடை தந்த தளத்தைவிட மக்கள் உயர்வாக மதித்தார்கள். விடை மோசமாக அமைந்தாலோ, உழைப்பைக் காட்டியது கைகொடுக்கவில்லை. ஆகவே வேலையே இல்லாமல் வித்தை காட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

மாதந்தோறும் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்பு. எந்தக் குறையை முன்கூட்டியே கண்டாய், விட்டிருந்தால் அவர்களுடைய எந்த வேலை நின்றிருக்கும் என்பதைக் கணக்குப்பிரிவில் இருப்பவருக்கும் புரியும்படி சொல். “பேக்கப் எடுக்கப்பட்டது” என்பது அவருக்கு ஒன்றும் சொல்லாது, “சோதித்துப் பார்த்தோம், எல்லாம் அழிந்தாலும் இத்தனை மணி நேரத்தில் மீட்டுவிடலாம்” என்பது சொல்லும். ஒரு மணி நேரம் வேலை நின்றால் அவர்களுக்கு எவ்வளவு நட்டம் என்பதை நீயாக ஊகித்து எழுதாமல் அவர்களிடமே கேள். அவர்கள் வாயால் வந்த தொகையை அவர்களே மறுக்க மாட்டார்கள். “தலைசிறந்த”, “முழுமையான” போன்ற சொற்கள் உன் அறிமுகத்தாளில் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் அடித்துவிடு, படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

கட்டணத்தைக் குறைத்தே தீரவேண்டும் என்றால் வேலையையும் குறைத்து எழுது. அதே வேலையைப் பாதிக் கட்டணத்துக்குச் செய்ய ஒப்புக்கொண்டால், இத்தனை காலமும் இருமடங்கு வாங்கினாய் என்று நீயே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். இரவு நேர அழைப்பு வேண்டாமா, மீட்புச் சோதனை வேண்டாமா, எதை விடுவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். விட்ட பொறுப்பு இனி யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் வரைவை எனக்கு அனுப்பு. கட்டணம் பற்றிய பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கேதான் நீ “தங்கள் விருப்பம்போல்” என்று எழுதித் தொலைப்பாய்.

உன் நண்பன்