வீடு ரெடி பண்ணும் முன்னாடி ஒரு நோட்டு வாங்கு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயித்துக்கிழம ராத்திரி நீ சவுதியில இருந்து கூப்பிட்டப்போ நான் எங்க இல்லத்துல ஒருத்தருக்கு கால்ல புண்ணு கழுவிட்டு இருந்தேன், அதான் ஒழுங்கா பேச முடியல, மனசுல வச்சுக்காத. தக்கல பக்கம் அம்மா பேருல கிடக்குற 22 சென்ட்டும் அந்த பழைய ஓட்டு வீடும் சும்மாதானே கிடக்கு, ஊருக்கு வந்து ஆதரவில்லாதவங்களுக்கு ஒரு இல்லம் ஆரம்பிக்கணும், எத்தன கட்டில் போடலாம் அக்கான்னு கேட்ட. அதுக்கு பதில இப்ப எழுதுதேன். உன்ன மாதிரி வேற ரெண்டு மூணு பிள்ளைகளும் கேட்டிருக்காவ, அதனால எல்லாரும் வாசிக்கட்டும்னு இங்கயே போடுதேன்.

கட்டில் கணக்கு பொறவு பாப்போம். மொதல்ல ஒரு தடிச்ச நோட்டு வாங்கு. வந்த தேதி, நேரம், எங்க கிடந்தாவ, யாரு கூட்டிட்டு வந்தா, உடம்புல என்ன மச்சம் என்ன தழும்பு, என்ன துணி, வாயில இருந்து என்ன வார்த்த வந்துது, எல்லாம் அன்னைக்கே எழுதணும். நாளைக்கு எழுதலாம்னு வச்சா எழுத மாட்ட.

ஏன் இத மொதல்ல சொல்லுதேன்னா நாங்க தப்பு செஞ்சது இங்கதான். ஆரம்பிச்ச ரெண்டு வருசத்துல 26 பேரு ஆயிட்டாவ, சோறு போட்டோம், குளிப்பாட்டுனோம், மருந்து குடுத்தோம், அதுவே பெரிய காரியம்னு நினைச்சோம். அதுல ஆறு பேருக்கு பேரு தெரியாது, நாங்களே ஒரு பேரு வச்சு கூப்பிட்டோம். பாசத்துல வச்ச பேருதான். ஆனா அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு, அத சொல்லி கூப்பிட எங்கயோ ஒரு வீட்டுல ஆளும் இருக்கு, அத தேடாம நாம ஒரு பேர ஒட்டி வச்சு கட்டில்ல கிடத்திட்டோம்னு தோணுன அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல. ஆள கூட்டிட்டு வர்றதுக்கு ஆயிரம் பேரு இருக்காவ தம்பி, போலீஸ் கூப்பிடும், பஞ்சாயத்து மெம்பர் கூப்பிடுவாரு, டீக்கடைக்காரர் கூப்பிடுவாரு. அவங்க யாருன்னு கண்டுபிடிச்சு திருப்பி கொண்டு விடுறதுக்கு நீ மட்டும்தான் இருப்ப. அத செய்யலன்னா வீடு ஒரே வருசத்துல நிறைஞ்சிடும், அப்புறம் ரோட்டுல ஒருத்தர் கிடந்தாலும் எடமில்லன்னு நீயே சொல்ல வேண்டி வரும்.

நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு விசயம் இருக்கு, உனக்கும் தெரியும், ரயிலு இங்க வந்து முடிஞ்சிடுது. அஸ்ஸாம்ல திப்ருகர்ல ஏறுனா 4,000 கிலோமீட்டருக்கு மேல விவேக் எக்ஸ்பிரஸ்ல வந்து கன்னியாகுமரியில இறங்கணும், ஜம்மு பக்கம் கட்ராவுல ஏறுனா ஹிம்சாகர். மனசு சரியில்லாம ஏதோ ஒரு ஸ்டேஷன்ல ஏறி உக்காந்தவங்க கடைசி ஸ்டேஷன்ல இறங்கித்தானே ஆகணும், அதுக்கு அப்புறம் கடல்தான். அதனால உன் வீட்டுக்கு வர்றவங்கள்ல ரொம்ப பேருக்கு தமிழ் தெரியாது.

ஒருத்தர சொல்லுதேன். தாடியும் தலமுடியும் சடையா ஒட்டி, தேங்காண்ண போட்டு ஊற வச்சுத்தான் வெட்ட முடிஞ்சுது. துணிய கழட்டுனா நாத்தம் தாங்கல, எங்க பையன் நேரா தீயில போட போயிட்டான். நான் புடுங்கி சோப்புத்தண்ணியில முக்கி சட்டக் காலர மட்டும் தேச்சு பாத்தேன், உள்பக்கம் டெய்லர் லேபிள், நம்ம எழுத்து இல்ல. போட்டோ எடுத்து மார்த்தாண்டத்துல ஓட்டல்ல பரோட்டா போடுற அஸ்ஸாம் பையனுக்கு அனுப்புனேன், அவன் வேல முடிஞ்சு ராத்திரி பதினொண்ணு மணிக்கு வாசிச்சு சொன்னான், கடப்பேரு, கீழ ஊருப்பேரு. அந்த ஊரு போலீஸ் ஸ்டேஷன் நம்பர தேடி அவனையே பேச வச்சோம். 19 நாள் கழிச்சு அண்ணங்காரரு வந்து இறங்குனாரு. வந்தவரு முகத்த பாக்கல, நேரா கிட்ட போயி இடது காதுக்கு பின்னால விரலால தடவி பாத்தாரு, சின்ன வயசுல தச்ச தழும்பாம், அப்புறம்தான் பக்கத்துல உக்காந்தாரு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசல. அந்த தழும்பு எங்க நோட்டுல இல்ல தம்பி, முடி வெட்டுன அன்னைக்கு நாங்க அங்க பாக்கவே இல்ல.

அதனால வந்தவங்க துணிய எறியாத, பைய எறியாத, கசங்குன பேப்பர எறியாத. ஆதார்னு ஒரு வழியும் உண்டு. கைரேகையும் கண்ணும் வச்சு புதுசா எடுக்க போனா, முன்னாடியே எடுத்தவங்களா இருந்தா அது தள்ளிடும், அத புடிச்சு ஆதார் ஆபீஸ் மூலமா ஊர கண்டுபிடிச்சவங்க நிறைய பேரு இருக்காவ.

சாப்பாடு விசயம். பல நாளு பட்டினி கிடந்தவங்களுக்கு மொத நாளு வயிறு நிறைய குடுக்கவே குடுக்காத. உடம்புல உப்புச்சத்து தாறுமாறா ஆயி உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட காட்டி, கொஞ்சம் கொஞ்சமா கஞ்சித்தண்ணி, அப்புறம் குழைஞ்ச கஞ்சியும் பயறும். எங்க வீட்டுல ஒருத்தருக்கு பிறந்தநாளுக்கு வந்த பிரியாணிய கைநிறைய வாரி குடுத்து மறுநாளு ஐ.சி.யூ வர போயிடுச்சு. அங்கயும் மொதல்ல போன ஆஸ்பத்திரியில கூட நிக்க சொந்தக்காரங்க இல்லன்னா அட்மிஷன் இல்லன்னு சொல்லி வாசல்லயே ஒரு மணி நேரம் நிக்க வச்சாவ. அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் ஆறல.

பிரியாணி தர்றவங்க நல்ல மனசுலதான் தருதாவ. ஆனா ஞாயித்துக்கிழம மூணு எடத்துல இருந்து வரும், செவ்வாய்க்கிழம பெரியவங்களுக்கு கட்டுற டயப்பர் இருக்காது. அத வாய் விட்டு கேக்க படிச்சுக்கோ. எல போட்டு பக்கத்துல நின்னு போட்டோ எடுக்குறதுக்கு மட்டும் சம்மதிக்காத. 2017 மனநல சட்டத்துல, சிகிச்சையில இருக்குறவங்க சம்மதம் இல்லாம அவங்க போட்டோவ மீடியாவுக்கு குடுக்கக்கூடாதுன்னு எழுதியே இருக்கு.

அதே சட்டத்துல, ரோட்டுல சுத்துற மனநலம் பாதிச்சவங்கள போலீஸ் பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரியில காட்டணும்னும் இருக்கு. யாரையும் போலீஸுக்கு தெரியாம வண்டியில ஏத்தாத, எழுத்துல வாங்கு. மனநலம் பாதிச்சவங்கள வச்சு பாக்கணும்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு வேணும். குழந்த கிடைச்சா அது உன் வேலையே இல்ல, குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு போன் போடு, 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக்குழு முன்னாடி கொண்டு போகணும். டிரஸ்ட் பதிவு, வருமானவரி விலக்கு எல்லாம் ஆடிட்டர் பாப்பாரு.

ராத்திரி ஓடிப்போயிட்டா என்ன செய்ய, கேட்ட பூட்டலாமான்னு கேட்ட. கேட்டுல ஆளு போடு. உள்ள யாரையும் பூட்டாத, கட்டாத. ராமநாதபுரம் ஏர்வாடியில ஒரு மனநல காப்பகத்துல 2001 ஆகஸ்ட் 6 காலைல தீ புடிச்சப்போ சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேரு செத்துப்போனாவ. நான் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப்போகும் முன்னாடி எல்லா கதவையும் தள்ளி பாத்துட்டுத்தான் படுக்குதேன், தொறக்குதான்னு.

இன்னொன்னு, இது நம்ம ஊரு சங்கடம். பிள்ளைக எல்லாம் கல்ஃப்ல, வீடு ரெண்டு மாடி, உள்ள வயசான அம்மா தனியா. ஒருநாளு கார்ல கொண்டு வந்து, ரோட்டுல கிடந்தாவ, யாருன்னு தெரியலன்னு சொல்லி விட்டுட்டு போவாவ. அந்த அம்மாவும் மகன காட்டிக்குடுக்க மாட்டா. எங்ககிட்ட ஒரு அம்மா எட்டு மாசம் பேரையே மாத்தி சொல்லிட்டு இருந்தாவ. நீ பக்கத்துல உக்காந்து பேசணும். 2007ல வந்த பெற்றோர் பராமரிப்பு சட்டம் இருக்கு, உங்க பக்கத்துக்கு பத்மநாபபுரம் சப் கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம், மாசம் 10,000 ரூவா வர பராமரிப்பு தொக வாங்கலாம், கவனிச்சுக்கணும்ங்கிற கண்டிஷனோட பிள்ளைக்கு சொத்த எழுதிக்குடுத்த இஷ்டதானம்னா அத ரத்து பண்ணவும் கேக்கலாம். மனு வேணுமா வேண்டாமான்னு அந்த அம்மாதான் சொல்லணும். பேர மாத்தி சொன்ன அந்த அம்மா மனு வேண்டாம்னுட்டாவ. இப்ப எங்க கூடத்தான் இருக்காவ, சாள மீன் வாங்குனா அவிய கையாலதான் கறி.

வீட்டுக்கு அனுப்புனதோட முடியாது, அதையும் சொல்லிடணும். ஒரு பிள்ளைய ஊருக்கு அனுப்பி ஆறு மாசத்துல மருந்த நிறுத்திட்டாவ, மறுபடியும் கிளம்பிட்டா, இன்னைக்கு வர தெரியல எங்கன்னு. அதுக்கு அப்புறம் அனுப்புறப்போ ரெண்டு மாச மருந்தும், சீட்டும், அந்த மாவட்டத்து மனநல டாக்டர் யாருன்னு கேட்டு எழுதியும் குடுத்து விடுதோம், பதினஞ்சு நாளைக்கு ஒருக்க போன். அந்த போன் நம்பரும் அதே நோட்டுல.

சவுதி வேலைய இப்பவே விடாத. லீவுல வா, ஒரு வாரம் எங்க வீட்டுல ராத்திரி தங்கு, பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. பழைய கைலி ரெண்டு எடுத்துக்கோ. நீ கூப்பிட்ட அன்னைக்கு நான் புண்ணு கழுவிட்டு இருந்தவரு இன்னும் வாய் தொறக்கல, சாப்பிட உக்காந்தா சோத்த பாத்து மெதுவா "பாத்"னு மட்டும் சொல்லுதாரு, சோறுன்னுதான் அர்த்தமாம், ஆனா அது வங்காளமா ஒடியாவா அஸ்ஸாமான்னு எங்களுக்கு தெரியல. உன் கேம்ப்ல அந்த ஊருக்காரங்க இருந்தா சொல்லு, வீடியோ கால் போட்டு அவரு காதுல பேசச் சொல்லுவோம்.

அக்கா