செல்விக்கும் முத்துவுக்கும் ஒரே பெயர்

ஆசிரியருக்கு,

இணைய முகவரியைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அடிக்கடி படிக்கிறோம், சந்தோஷம். ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு அதைவிடச் சின்னதாக ஒரு தொல்லை.

போன வாரம் ஒரு அக்கா சான்றிதழ் பிரின்ட் எடுக்க வந்தார். சான்றிதழ் தரும் இணையதளம் விண்ணப்பித்தவர் பெயரையே தமிழில் கோப்புப் பெயராக வைத்து அனுப்புகிறது, நல்ல எண்ணம்தான், ஆனால் டவுன்லோட் ஆகி வந்தது வெறும் ஆறு அடிக்கோடு. சற்று முன் வந்துபோன பெரியவருடையதும் அதே ஆறு அடிக்கோடு. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்: செல்வி, முத்து. நமக்கு இரண்டும் மூன்றெழுத்து. கொம்பு, புள்ளி எல்லாம் கணினிக்குத் தனிக்கணக்கு, அதனால் ஆறு. பெரியவருடையதை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டேன். "இன்னா தம்பி, என்னை ஆம்பளையாக்கிட்ட" என்று சிரித்தார், நல்லவேளை.

கோப்புக்கு முன்னால் அதன் விவரம் ஹெடர் வரிகளில் வரும். அவற்றின் பழைய வழக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளோடு நின்றுவிட்டது. தமிழை அப்படியே திணித்தால் சில சர்வர்கள் குறிக்கொரு கேள்விக்குறி போட்டு அனுப்பும். விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறி கூடாது, எனவே பிரவுசர் அதை அடிக்கோடாக்கும். அப்புறம் நான் கடையில் தலைகீழாக நின்றாலும் அந்தப் பெயர் திரும்பாது.

இதற்கு வழி 2010-லேயே வந்துவிட்டது, ஆர்எஃப்சி 5987 (இணையத்துக்கான விதிமுறை ஆவணங்களில் ஒன்று). 2017-ல் 8187 என்று திருத்தியும் ஆயிற்று. பெயரை இரண்டு தடவை அனுப்ப வேண்டும்: பழைய மென்பொருளுக்காக ஆங்கில எழுத்தில் ஒன்று, 'ஃபைல்நேம்' என்ற சொல்லோடு நட்சத்திரக்குறி சேர்த்து, யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) என்று சொல்லி, சதவீதக் குறிகளாக (பைட்டுக்கு ஒரு % குறி, கூடவே இரண்டு எண்ணோ ஆங்கில எழுத்தோ) இன்னொன்று. இன்றைய பிரவுசர்கள் நட்சத்திரம் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

முகவரிக்கு ஏற்பாடு வேறு. டொமைன் பெயரை, அதாவது முகவரியில் தளத்தின் பெயரை, 2003-ல் வந்த பியூனிகோட் என்ற முறை (அச்சுப்பிழை இல்லை, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் வேறு) ஆங்கில எழுத்தாக்கிவிடும். முகவரியில் அதற்குப் பின்னால் வருவது சதவீதக் குறியாகும்; ராயபுரம் என்ற ஐந்தெழுத்து 72 குறிகளாக நீளும். தமிழ்ச் செய்தி லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில நேரம் ரயில் மாதிரி போவது இதனால்தான். பார்க்க அசிங்கம், ஆனால் ஒரு புள்ளிகூடத் தொலையாது.

அந்த இணையதளத்துக்குப் புகார் போட்டேன். கோப்புப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. நான் கேட்டது அதுவா? இப்போதைக்கு ஒவ்வொரு கோப்பையும் திறந்து, யாருடையது என்று பார்த்து, பெயரை நானே தமிழில் அடித்துவிட்டுத்தான் பிரின்ட் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
ராயபுரம், சென்னை - 13