எலும்பு கூடிவிட்டது, வலி போகவில்லை

நீலகிரி மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிப்பவர். போன மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது கை சிவந்து வீங்கி, தோல் மினுமினுத்தது. கம்பளி உரசினாலே துடித்துப்போவார். பஸ்ஸில் ஜன்னல் காற்று படாமலிருக்க, கையைத் துண்டில் சுற்றிக் கோழிக்குஞ்சைப் போலப் பொத்திக்கொண்டு உட்காருவார். "எலும்பு கூடிடுச்சும்மா, எல்லாம் மனசுதான்" என்று ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் நோயின் பெயர் தெரிந்தது: சிஆர்பிஎஸ் (Complex Regional Pain Syndrome), அதாவது காயம் ஆறிய பிறகும் அந்தக் கையிலோ காலிலோ தீராமல் நிற்கும் கடும் வலி நோய்.

அதன்பிறகு இன்னொரு சோதனை. அழுத்த அறையில் நாற்பது தடவை ஆக்சிஜன் எடுத்தால் வலி அடியோடு போய்விடும் என்றது கீழே ஒரு தனியார் மையம். அம்மா அடகு வைக்கச் சொல்லித் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு தூங்காமல் படித்தேன். மூடிய அறைக்குள் அழுத்தத்தைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஏற்றி, ஒன்றரை மணி நேரம் வரை சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். முக்குளிப்போருக்கு வரும் அழுத்த நோய், ஆழமான சர்க்கரைப் புண் இவற்றுக்கெல்லாம் இது ஏற்கப்பட்ட சிகிச்சை. சிஆர்பிஎஸ்ஸுக்கு? 2004-ல் துருக்கியில் 71 பேரிடம் நடந்த ஆய்வில், 15 முறை எடுத்தவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்திருக்கின்றன. நம்பிக்கை தரும் சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து 'அடியோடு போகும்' என்று ஒரு கூலிப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல மனம் வருகிறது? செவிப்பறை பாதிக்கப்படலாம், நுரையீரலை முதலில் சோதிக்க வேண்டும் என்றுகூட அங்கே ஒருவரும் சொல்லவில்லை. தோட்டை அம்மா காதிலேயே திரும்பப் போட்டுவிட்டேன்.

அந்த அறையை மலைக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. மாவுக்கட்டு பிரிக்கும் அன்றே கையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு கைக்கும் சூட்டிலும் நிறத்திலும் வித்தியாசம் இருந்தால், லேசாகத் தொட்டாலே அலறினால், வீட்டுக்கு அனுப்பாமல் அந்த வாரமே பிசியோதெரபி தொடங்குங்கள். இந்த நோயில் ஆரம்ப வாரங்கள்தான் பொன்னானவை. அம்மாவுக்கு அவை மேட்டுப்பாளையம் பஸ்ஸின் கொண்டைஊசி வளைவுகளில் கழிந்தன.

ஊட்டியில் வாரத்தில் ஒரு நாளாவது வலிக்கென்று தனி ஓபி வையுங்கள். ஆக்சிஜன் அறைக்குப் போகலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு, எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று தமிழில் உட்கார்ந்து சொல்ல ஒரு மருத்துவர் அங்கே இருக்கட்டும்.

அம்மா இப்போது தினமும் நல்ல கையை அசைத்து, நோவுள்ள கையே அசைவதுபோல அதைக் கண்ணாடியில் பார்த்துப் பயிற்சி செய்கிறார். நேற்று டீ டம்ளரை இடக்கையின் துணையோடு ஒரு நிமிடம் பிடித்திருந்தார்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்துக்காரியின் மகள்
கோத்தகிரி